499 ரூபாய் ஸ்டூடண்ட் ஆஃபரும் என் அக்கா பொண்ணோட லேப்டாப்பும்

காலேஜ் திறக்கற சீசன் வந்தாலே வாட்ஸ்அப் குரூப்புல இந்த போஸ்டர் சுத்த ஆரம்பிச்சிடுது. நீல கலர். விண்டோஸ் லோகோ. மேல பெரிய எழுத்துல, "ஸ்டூடண்ட் ஸ்பெஷல்! விண்டோஸ் 11 ப்ரோ, லைஃப்டைம் கீ, 499 ரூபாய் மட்டும்!" கீழ ஒரு ஜிபே நம்பர். கடைப் பேர் கிடையாது, முகவரி கிடையாது, பில் கிடையாது.

இந்தத் தடவை அதை எனக்கு அனுப்பினது என் அக்கா பொண்ணு. கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல ட்ரிபிள்ஈ படிக்கறா.

"சித்தி, ஹாஸ்டல்ல நிறைய பேர் வாங்கிட்டாங்க. நானும் வாங்கிடட்டுமா? 499 தானே."

"இரு, காசு அனுப்பாதே. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லைங்க. பசங்க மேல இல்ல. வீட்ல இருந்து வர்ற மெஸ் காசுல மிச்சம் பிடிச்சுத்தான் இதை வாங்கறாங்க. அந்தக் காசைத்தான் இந்த ஆளுங்க குறி வெக்கறாங்க. அதனால இதுல எனக்குத் தெரிஞ்ச அத்தனையையும் எழுதிடறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

அவசரமா இருக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். இன்னைக்குத் தேதிக்கு ஒரு ஸ்டூடண்ட் விண்டோஸ் அப்கிரேடுக்காகக் காசு செலவு பண்ண வேண்டிய அவசியம் பெரும்பாலும் கிடையாது. 499-ம் கிடையாது, 99-ம் கிடையாது.

ஏன்னு கேட்டா, கொஞ்சம் பழைய கதை பேசணும்.

ஒரு காலத்துல ஸ்டூடண்ட் டிஸ்கவுண்ட்ங்கறது நிஜமாவே பெரிய விஷயமா இருந்துது. 2009 அக்டோபர் 22, விண்டோஸ் 7 வந்த நாள். விஸ்டாவை வெச்சுக்கிட்டு அல்லாடிக்கிட்டிருந்த அத்தனை பேரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க. ஆனா விலை? அமெரிக்காவுல ஹோம் பிரீமியம் அப்கிரேடு 119.99 டாலர், ப்ரொஃபஷனல் அப்கிரேடு 199.99 டாலர். மாணவர்களுக்கு மட்டும், ரெண்டுல எதை எடுத்தாலும் 29.99 டாலர். பிரிட்டன்ல 30 பவுண்டு. ஒரே கண்டிஷன், காலேஜ் கொடுத்த ஈமெயில் முகவரி வேணும். ப்ரொஃபஷனல் எடுத்த பையனுக்கு 170 டாலர் மிச்சம். இதுக்குப் பேர்தான் சலுகை.

(அதுலயும் ஒரு பாடு பட்டாங்க பசங்க. டவுன்லோடா வந்தது ஐஎஸ்ஓ ஃபைல் இல்ல, ஒரு இஎக்ஸ்இ-யும் கூட ரெண்டு பொட்டலமும். நிறைய பேர் வெச்சிருந்தது 32 பிட் விஸ்டா. வாங்கினது 64 பிட் விண்டோஸ் 7. 32 பிட்டுக்குள்ள 64 பிட் செட்டப் ஓடாது. அப்புறம் பசங்களே கமாண்ட் லைன்ல உக்காந்து, அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சு, பூட் ஆகற டிவிடியா மாத்தற வழியைக் கண்டுபிடிச்சு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்தாங்க. மைக்ரோசாஃப்ட் யுஎஸ்பி-ல போட்டுக்க ஒரு டூல் விட்டுது. அதுல ஜிபிஎல் லைசென்ஸ்ல இருந்த வேற யாரோ எழுதின கோடு கலந்திருக்குன்னு தெரிஞ்சுபோய், அதைத் திரும்ப வாங்கி, ஓப்பன் சோர்ஸா மறுபடியும் வெளியிட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது.)

அடுத்தது விண்டோஸ் 8. 2012 அக்டோபர் 26. இந்தத் தடவை எல்லாருக்குமே ஆஃபர். விண்டோஸ் 8 ப்ரோ அப்கிரேடு டவுன்லோடு 39.99 டாலர், நம்ம ஊர்ல 1,999 ரூபாய். அந்த வருஷம் ஜூன்ல இருந்து விண்டோஸ் 7 போட்ட புது கம்ப்யூட்டர் வாங்கினவங்களுக்கு 699 ரூபாய்தான். 2013 ஜனவரி 31 வரைக்கும் இந்த விலை.

பிப்ரவரி பிறந்ததும் அமெரிக்காவுல ப்ரோ அப்கிரேடு 199.99 டாலர் ஆச்சு. ஸ்டூடண்ட்டுக்கு 69.99.

கவனிச்சீங்களா? ஜனவரியில ரோட்ல போற யாரும் 40 டாலருக்கு வாங்கினதை, பிப்ரவரியில ஸ்டூடண்ட் ஐடி காட்டி 70 டாலருக்கு வாங்கணும். "ஸ்டூடண்ட்"னு மேல எழுதியிருந்தா அதுதான் இருக்கறதுலயே கம்மி விலைன்னு நம்பாதீங்க. எதோட ஒப்பிட்டுக் கம்மின்னு சொல்றாங்கன்னு எப்பவும் கேக்கணும்.

ஆப்பிள் பக்கம் இதுக்குள்ள வேற மாதிரி போயிடுச்சு. 129 டாலருக்கு வித்துக்கிட்டு இருந்த மேக் ஓஎஸ்ஸை, 2009-ல ஸ்னோ லெப்பர்டு வந்தப்போ 29 டாலர் ஆக்கினாங்க. 2012-ல மவுண்டன் லயன் 19.99. 2013 அக்டோபர்ல மேவரிக்ஸ் வந்தப்போ விலையையே எடுத்துட்டாங்க, எல்லாருக்கும் ஃப்ரீ. மைக்ரோசாஃப்ட்டும் அந்த வழிக்கு வந்துது. 2015 ஜூலை 29-ல விண்டோஸ் 10. விண்டோஸ் 7, 8.1 வெச்சிருந்தவங்களுக்கு ஒரு வருஷம் ஃப்ரீ அப்கிரேடுன்னாங்க. (ஒரு வருஷம்னு சொன்னாங்களே தவிர, பழைய கீ 2023 செப்டம்பர் வரைக்கும் வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருந்துது.) 2021 அக்டோபர் 5-ல விண்டோஸ் 11. அதுவும், மெஷின் தகுதியா இருந்தா, விண்டோஸ் 10-ல இருந்து ஃப்ரீ.

ஃப்ரீயா கிடைக்கற பொருளுக்கு யாராவது டிஸ்கவுண்ட் தருவாங்களா? அதனாலதான் ஓஎஸ் அப்கிரேடுக்கான பழைய ஸ்டூடண்ட் ஆஃபர் எல்லாம் காணாமப் போச்சு. அந்தப் பேர் மட்டும் மிச்சம் இருக்கு. அந்தப் பேரை வெச்சுத்தான் போஸ்டர் அடிக்கறாங்க.

இப்போ தடை காசுல இல்ல, மெஷின்ல இருக்கு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேணும், செக்யூர் பூட் வேணும், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேணும். எல்லாத்துக்கும் மேல, இன்டெல்னா பொதுவா எட்டாவது தலைமுறை ப்ராசஸர்ல இருந்துதான், ஏஎம்டின்னா ரைசன் 2000 வரிசையில இருந்துதான் அனுமதி. இந்தக் கதவு பூட்டியிருந்தா 499 ரூபாய் கீயும் திறக்காது. ஏன்னா கீங்கறது லைசென்ஸ். ப்ராசஸர் வயசை அது குறைக்காது.

சரி, நம்ம பொண்ணோட லேப்டாப்புக்கு வருவோம்.

அவங்க பெரியப்பா பையன் வெச்சிருந்து கொடுத்த மெஷின். ஐ5, ஏழாவது தலைமுறை. 4 ஜிபி ரேம். உள்ள பழைய சுத்தற ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். (நம்ம நாட்டுல விக்கற பட்ஜெட் லேப்டாப்ல இந்த சிங்கிள் லாங்குவேஜ்தான் அதிகமா வரும். ஹோம்தான், மெனு மொழியை இஷ்டத்துக்கு மாத்திக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். தமிழ்ல டைப் பண்றதுக்கு ஒரு தடையும் இல்ல, பயப்படாதீங்க.)

அவ ஏற்கெனவே ஹாஸ்டல் பக்கத்துல ஒரு கடைக்குப் போய்ட்டு வந்திருக்கா. அந்தக் கடைக்காரர், "விண்டோஸ் 10 காலி ஆயிடுச்சும்மா. இனிமே ஆன் பண்ணினாலே வைரஸ் வரும். 11 போட்டுத் தரேன், ஸ்டூடண்ட் ரேட் ஆயிரத்தி ஐநூறு"ன்னிருக்கார்.

விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சது உண்மை. மெஷின் அன்னைக்கு ராத்திரியே செத்துடும்ங்கறது பொய். பாதுகாப்பு அப்டேட் நிக்கறதுதான் பிரச்சினை. அதுக்கும் வழி இருக்கு, சொல்றேன்.

லேப்டாப்பை லீவுக்கு வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா. ரெண்டு பேரும் உக்காந்தோம்.

முதல் வேலையா செட்டிங்ஸ் உள்ள போய் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்தோம். "விண்டோஸ் டிஜிட்டல் லைசென்ஸ் மூலமா ஆக்டிவேட் ஆகியிருக்கு"ன்னு இருந்துது. அந்த ஒரு வரியே போதும். லைசென்ஸ் ஏற்கெனவே மெஷினோட வந்திருக்கு. லேப்டாப் வாங்கினப்பவே அதுக்கான காசு விலையில சேர்ந்தே போயிருக்கு. திரும்ப ஒரு கீ எதுக்கு?

தயவுசெஞ்சு நீங்களும் இந்தப் பக்கத்தை முதல்ல பாருங்க. போஸ்டர் பாத்துக் கீ வாங்கின பசங்கள்ல பாதிப் பேருக்காவது அவங்க மெஷின்லயே ஒரிஜினல் லைசென்ஸ் தூங்கிக்கிட்டு இருக்கும்ங்கறது என் நம்பிக்கை. இப்போ வர்ற லேப்டாப்ல கீ மதர்போர்டுலயே பதிஞ்சிருக்கும். ஃபார்மேட் பண்ணினாலும் போகாது. அதே எடிஷனை மறுபடி போட்டு நெட் கொடுத்தா, தானா ஆக்டிவேட் ஆகிடும்.

ரெண்டாவதா பிசி ஹெல்த் செக்னு மைக்ரோசாஃப்ட் கொடுக்கற சின்ன ஆப். ஓட்டினதும் ரெண்டு இடத்துல சிவப்பு. டிபிஎம் இல்ல, ப்ராசஸர் ஆகாது.

டிபிஎம் நிறைய மெஷின்ல இருக்கும், பயாஸ்ல அணைச்சு வெச்சிருப்பாங்க. இன்டெல்ல அதுக்குப் பேர் பிடிடி, ஏஎம்டியில எஃப்டிபிஎம். பயாஸ் உள்ள போய்த் தேடி, செக்யூரிட்டிங்கற இடத்துல கண்டுபிடிச்சு ஆன் பண்ணினோம். டிபிஎம் பச்சை ஆச்சு. பொண்ணுக்கு ஒரே சந்தோஷம். ஆனா ப்ராசஸர் சிவப்பு சிவப்பாவே நின்னுடுச்சு. ஏழாவது தலைமுறைன்னா ரொம்பச் சில மாடலுக்குத்தான் விதிவிலக்கு, இது அதுல இல்ல.

(பயாஸ்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. டிரைவ் என்க்ரிப்ட் ஆகியிருந்தா பிட்லாக்கர் ரெக்கவரி கீ எங்க இருக்குன்னு பாத்து எழுதி வெச்சுக்கோங்க. இல்லேன்னா அது கேக்கும்போது முழிக்கணும். உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல பெரும்பாலும் சேவ் ஆகியிருக்கும்.)

இந்த இடத்துல "ரூஃபஸ்ங்கற டூல்ல யுஎஸ்பி போட்டா செக்கிங்கைத் தாண்டிடலாமே"ன்னு கேக்கறவங்க இருப்பீங்க. தாண்டலாம். அந்தக் கடைக்காரர் 1,500-க்குச் செய்ய இருந்ததும் அதுதான். ஆனா அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரல. பாதுகாப்பு அப்டேட் வேணும்ங்கறதுக்காக மாறிட்டு, அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லாத இடத்துல போய் உக்காந்தா என்ன பிரயோஜனம்? செமஸ்டர் நடுவுல ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருக்கற மெஷின்ல நான் அதைச் செய்ய மாட்டேன்.

சரி, அப்போ வழி? இஎஸ்யு. அதாவது சப்போர்ட் முடிஞ்ச பிறகும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் தொடர்ந்து தர்ற திட்டம். வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும். விலை 30 டாலர். ஆனா கொடுக்கவே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி, விண்டோஸ் பேக்கப்ல உங்க செட்டிங்ஸை சிங்க் பண்ணச் சம்மதிச்சா இலவசம். இல்லேன்னா 1,000 ரிவார்ட்ஸ் பாயிண்ட் கொடுத்துக்கலாம்.

விண்டோஸ் 10-ல 22எச்2 வெர்ஷன்ல இருக்கணும். அதுலதான் எங்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிச்சுது. பொண்ணு பல மாசமா அப்டேட்டைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்திருக்கா (ஹாஸ்டல் வைஃபை அப்படி). அப்டேட் பக்கத்துல "சேர்ந்துக்கோங்க"ங்கற லிங்க்கே வரல. தேங்கியிருந்த அப்டேட் எல்லாத்தையும் போட்டு, ரீஸ்டார்ட், மறுபடி அப்டேட், மறுபடி ரீஸ்டார்ட். அந்த ஹார்டு டிஸ்க்ல ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் டீ போட்டுக் குடிச்சுட்டு வரலாம். கடைசியா லிங்க் வந்துது. நாலு கிளிக். முடிஞ்சுது. செலவு சைபர்.

(காலேஜ் நிர்வாகம் யாராவது இதைப் படிச்சா, உங்க லேப்ல இருக்கற மெஷின்களுக்கு இதே இஎஸ்யு-வுக்குக் கல்வி நிறுவன விலை முதல் வருஷம் ஒரு மெஷினுக்கு 1 டாலர், ரெண்டாவது வருஷம் 2, மூணாவது வருஷம் 4. கம்பெனிகளுக்கு முதல் வருஷமே 61 டாலர். இன்னைக்கு ஓஎஸ் விஷயத்துல மிச்சம் இருக்கற உருப்படியான கல்விச் சலுகைன்னா எனக்குத் தெரிஞ்சு இதுதான். லேப் கம்ப்யூட்டரை அப்டேட் இல்லாம விட்டு வைக்க இனி ஒரு காரணமும் இல்ல.)

அப்புறம் அந்த ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டோம், ரேமை 8 ஜிபி ஆக்கினோம். லேப்டாப் நிஜமாவே வேற மெஷினா மாறிடுச்சு. பசங்க, உங்க கையில செலவு பண்ணக் கொஞ்சம் காசு இருந்தா இதுல போடுங்க. ஓஎஸ் கீயில போடாதீங்க. "லேப்டாப் ஸ்லோ, விண்டோஸ் 11 போட்டா ஸ்பீடாயிடுமா?"ன்னு என்னைக் கேக்கற ஒவ்வொருத்தருக்கும் இதே பதில்தான்.

காலேஜ் கொடுக்கற ஈமெயில் பத்தி இப்போ சொல்லணும். இதுதான் இந்தப் பதிவுலயே முக்கியமான விஷயம்.

பொண்ணு திரும்பிப் போனதும், "உங்க டிபார்ட்மெண்ட் லேப் அட்மின் கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு வா. நம்ம காலேஜுக்கு மைக்ரோசாஃப்ட்டோட மாணவர் மென்பொருள் திட்டம் எதுலயாவது மெம்பர்ஷிப் இருக்கா?"ன்னு சொல்லி அனுப்பினேன்.

இந்தத் திட்டத்துக்குப் பேர் மாறிக்கிட்டே இருக்கும், அதான் பசங்களுக்குத் தெரிய மாட்டேங்குது. 2008-ல ட்ரீம்ஸ்பார்க்னு ஆரம்பிச்சாங்க, பில் கேட்ஸே அறிவிச்சார். 2016-ல இமேஜின்னு மாத்தினாங்க. இப்போ அஷ்யூர் டெவ் டூல்ஸ் ஃபார் டீச்சிங். காலேஜ் அதுல இருந்தா, மாணவர் காலேஜ் ஈமெயில் வெச்சு உள்ள போய் விண்டோஸ் எஜுகேஷன் எடிஷன், விஷுவல் ஸ்டுடியோ, விண்டோஸ் சர்வர்னு எடுத்துக்கலாம். எஜுகேஷன் எடிஷன்ங்கறது ஹோமை விட, ப்ரோவை விட மேல. கம்பெனிங்க ஓட்டற எண்டர்பிரைஸ் எடிஷனுக்குக் கிட்டத்தட்ட சமம். படிப்புக்கு மட்டும்தான், வியாபாரத்துக்குக் கூடாது.

லேப் அட்மின் என்ன சொன்னார் தெரியுமா? "இருக்கேம்மா. வருஷக்கணக்கா இருக்கு. யாரும் வந்து கேக்கறதில்ல."

எனக்கு மனசே ஆறல. ஹாஸ்டல்ல பசங்க வரிசையா 499 கட்டிக்கிட்டு இருக்காங்க. அதே கேம்பஸ்ல, நூறடி தள்ளி, ஒரிஜினல் லைசென்ஸ் கேக்க ஆளில்லாம கிடக்கு. ஒரு நோட்டீஸ் போர்டு. ஒரு ஏ4 பேப்பர். முதல் வருஷம் சேர்ற அன்னைக்கு ஐடி கார்டோட சேத்து ஒரு துண்டுச் சீட்டு. இது போதுமே! அவர் மேல தப்பில்ல, அவர் ஒருத்தரே மூணு லேப் பாக்கறார். நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை இது.

நம்ம பொண்ணோட மெஷினுக்கு அந்த விண்டோஸ் 11 லைசென்ஸ் உபயோகப்படல (அதே ப்ராசஸர் பிரச்சினை). ஆனா அவ ரூம்மேட்டுக்கு உபயோகப்பட்டுது. அந்தப் பொண்ணு வாங்கினது விண்டோஸே இல்லாத லேப்டாப். டாஸ் லேப்டாப்னு சொல்வாங்க, விலை கொஞ்சம் கம்மியா இருக்கும்னு நிறைய வீட்ல அதை வாங்குவாங்க. நல்ல புது மெஷின், விண்டோஸ் 11-க்கு எல்லாத் தகுதியும் இருக்கு, லைசென்ஸ் மட்டும் இல்ல. முழு விலை கொடுத்து வாங்கறதுன்னா அமெரிக்காவுல ஹோமே 139 டாலர். அவளுக்கு எஜுகேஷன் எடிஷன் ஒரு மத்தியானத்துல கிடைச்சுது. ஸ்டூடண்ட் சலுகை நிஜமா தேவைப்படற ஆள்னா இந்த மாதிரிப் பொண்ணுதான். இவங்கதான் அந்த 499 போஸ்டர்ல முதல்ல மாட்டறதும்.

சரி, அந்த 499 கீ என்னதான்?

நிறைய நேரம் அது ஏதோ ஒரு நிறுவனத்துக்கோ கல்வி நிறுவனத்துக்கோ மொத்தமாக் கொடுத்த வால்யூம் கீ. ஒரே கீயை நிறைய மெஷின்ல போடலாம். அதை எவனோ வெளிய எடுத்துச் சில்லறையா விக்கறான். போட்ட உடனே ஆக்டிவேட் ஆகும், அதனால வாங்கினவங்க "வேலை செய்யுதே"ன்னு இன்னொருத்தருக்கும் சொல்லுவாங்க. எண்ணிக்கை தீர்ந்தாலோ, மைக்ரோசாஃப்ட் கண்டுபிடிச்சு அந்தக் கீயை முடக்கினாலோ, கதை முடிஞ்சுது. லைஃப்டைம்னு போட்டவனோட நம்பர் அப்போ ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும்.

இன்னொரு வகை கீயே இல்ல. கேஎம்எஸ் ஆக்டிவேட்டர்னு ஒரு ஃபைல் அனுப்பி, ரன் பண்ணச் சொல்வாங்க. கேஎம்எஸ்ங்கறது நிறுவனங்களுக்கான நியாயமான முறைதான். கம்பெனி சர்வரோட மெஷின் தொடர்புலேயே இருக்கணும், ஒரு தடவை ஆக்டிவேட் பண்ணினா 180 நாள் தாங்கும். இந்த ஆளுங்க அந்த சர்வர் மாதிரி நடிக்கற ஒரு புரோகிராமை உங்க மெஷின் உள்ளயே வெச்சுடறாங்க. அதை ரன் பண்றதுக்கு முன்னாடி "டிஃபெண்டரை ஆஃப் பண்ணுங்க"ன்னு சொல்வாங்க பாருங்க, அங்கேயே நிறுத்திடுங்க. வீட்டுக்குத் திருடன் வர்றதுக்கு முன்னாடி நாயைக் கட்டிப் போடச் சொல்ற மாதிரி அது. உங்க ஸ்காலர்ஷிப் லாகின், அப்பாவோட நெட் பேங்கிங், உங்க ஈமெயில் பாஸ்வேர்டு எல்லாம் அதே மெஷின்ல இருக்கு.

அப்புறம் ப்ரோ எதுக்கு? இந்தக் கேள்வியை யாருமே கேக்கறதில்ல. ஹோம்ல இல்லாம ப்ரோல இருக்கறது வெளிய இருந்து உங்க மெஷினுக்குள்ள ரிமோட் டெஸ்க்டாப்ல வர்ற வசதி, முழு பிட்லாக்கர் கட்டுப்பாடு, ஹைப்பர்-வி, குரூப் பாலிசி, ஆபீஸ் டொமைன்ல சேர்றது. பைத்தான், மேட்லேப், ஆட்டோகேட், ஆர்டுயினோ எல்லாம் ஹோம்லயே ஓடும். விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டற டபிள்யுஎஸ்எல் கூட ஹோம்ல ஓடும், டாக்கர் ஓடும். இன்ஜினியரிங் பசங்கள்ல ரொம்பப் பேருக்கு ப்ரோ வேண்டியதே இல்ல.

ஆபீஸ் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல நிறைய லேப்டாப் ஆபீஸோட சேந்து வருது. புது லேப்டாப் ஆன் பண்ணின ஆறு மாசத்துக்குள்ள அதை உங்க அக்கவுண்ட்ல ஆக்டிவேட் பண்ணிடணும். விட்டுடாதீங்க, அதுவும் நீங்க கொடுத்த காசுதான். காலேஜ் ஈமெயில் இருந்தா வெப்ல ஓடற ஆபீஸும் இலவசமாக் கிடைக்க வாய்ப்பு இருக்கு.

இன்னைக்கு ஸ்டூடண்ட்டுங்கற அடையாளத்துக்கு உண்மையான மதிப்பு ஓஎஸ்ல இல்ல, மத்த மென்பொருள்ல இருக்கு. ஆட்டோடெஸ்க் மாணவருக்கு இலவசமா தருது, ஒரு வருஷத்துக்கு, படிக்கற வரைக்கும் புதுப்பிச்சுக்கலாம். ஜெட்பிரெய்ன்ஸ் இலவசம். கிட்ஹப் ஸ்டூடண்ட் டெவலப்பர் பேக்ல என்னென்னவோ இருக்கு. இதெல்லாம் ஆயிரக்கணக்குல போற விஷயம். இதுக்கெல்லாம் காலேஜ் ஈமெயில்தான் சாவி. அதைத் தூங்க விடாதீங்க.

கடைசியா லினக்ஸ். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பேச்சு, ஆனா சுருக்கமாவே சொல்றேன்.

தமிழ்நாட்டுல 2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல வந்த லேப்டாப்கள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்துது. பாஸ், சி-டாக் நிறுவனம் சென்னையில உருவாக்கினது. நம்ம ஊர்ல செஞ்ச ஓஎஸ், நம்ம பசங்க கையில! ஆனா நிறைய பேர் முதல் வேலையா கடைக்குப் போய் அந்தப் பகுதியை அழிச்சுட்டு விண்டோஸுக்கு இடம் கூட்டிக்கிட்டாங்க. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம். அந்த லேப்டாப்ல இருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல சப்போர்ட் போச்சு. லினக்ஸ் தெரிஞ்சிருந்தா அந்த மெஷின்கள் இன்னும் சில வருஷம் நிம்மதியா ஓடியிருக்கும்.

நம்ம பொண்ணு லேப்டாப்ல எஸ்எஸ்டியில ஒரு பக்கம் லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்திருக்கேன். முதல்ல யுஎஸ்பி-ல இருந்தே ஓட்டிப் பாத்தா. வைஃபை பிடிச்சுது, சவுண்ட் வந்துது, பிரிண்டர் கொஞ்சம் அடம் பிடிச்சு அப்புறம் வந்துது. அதுக்கப்புறம்தான் இன்ஸ்டால். கீகேட், ஆக்டேவ், ஆர்டுயினோ, பைத்தான் எல்லாம் அதுல நல்லாவே ஓடுது. ஆட்டோகேட் மட்டும் லினக்ஸ்ல வராது. அப்புறம் பிளேஸ்மெண்ட் ஆன்லைன் டெஸ்ட் சிலது விண்டோஸோ மேக்கோதான் கேக்கும். அதனால விண்டோஸை அழிக்காம ரெண்டையும் வெச்சுக்கறதுதான் மாணவருக்கு நல்லதுன்னு நினைக்கறேன். இஎஸ்யு முடிஞ்ச பிறகு அந்த மெஷின்ல நெட்டுக்குப் போற வேலை எல்லாம் மிண்ட்லதான்னு இப்பவே பேசி வெச்சிருக்கோம்.

"சித்தி, மிண்ட் நல்லாத்தான் இருக்கு. எங்க ரூம்ல இன்னொருத்திக்கும் போட்டுத் தரியா?"ன்னு கேட்டா. "நீயே போட்டுக் கொடு. என்ன செய்யணும்னு ஃபோன்ல சொல்றேன்"னேன். போட்டுட்டா!

இப்போ உங்க கிட்ட ஒரு வேண்டுகோள். நீங்க மாணவரா இருந்தா, இந்த வாரமே லேப் அட்மின் கிட்டப் போய் "நம்ம காலேஜ்ல மாணவர்களுக்கு விண்டோஸ் லைசென்ஸ் திட்டம் இருக்கா, எந்த ஈமெயில்ல லாகின் பண்ணணும்?"னு கேளுங்க. இருந்துச்சுன்னா, அதை உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல எழுதிப் போடுங்க. அந்த 499 போஸ்டர் வந்த அதே குரூப்புல போடுங்க.

இல்லைன்னு சொன்னா, ஏன் இல்லைன்னு எச்ஓடி கிட்ட எழுதிக் கேளுங்க. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கேளுங்க.